சிங்கப்பூரில் குரூஸ் ஏறப் போறீங்களா? ஒரு நாள் முன்னாடியே போகணும்... ஏன் தெரியுமா? முழு விவரம்!

டிக்கெட் போட்டாச்சு, விசாவும் வந்தாச்சு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணி சொல்லியாச்சு. குரூஸ் கிளம்புற அன்னைக்கு காலையில சிங்கப்பூரில் இறங்கினா போதும், ஒரு நாள் ஹோட்டல் காசு மிச்சம். இப்படித்தான் பல குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. ஆனால் அந்த ஒரு நாள் ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்கப் போய், மொத்த குரூஸ் பணத்தையும் இழக்கும் ஆபத்து இருக்கிறது.

காரணம் ரொம்ப சிம்பிள். விமானம் தாமதமாகலாம். ஆனால் கப்பல் உங்களுக்காக நிற்காது. அதனால் கப்பலுக்கு முந்தைய நாள் என்பது ஊர் சுற்றுவதற்கான நாள் மட்டுமில்லை, உங்கள் பயணத்துக்கான பாதுகாப்பு. அந்த ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது? எங்கே தங்குவது? விசாவில் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதே நாளில் போனால் என்ன பிரச்னை?

சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானத்தில் சுமார் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அதனால் இரவு 11 மணி வாக்கில் கிளம்பும் விமானம் அங்கே இறங்கும்போது காலை 6 மணி ஆகியிருக்கும். கப்பல் மாலையில்தானே, நிறைய நேரம் இருக்கிறதே என்று தோன்றும்.

ஆனால் கப்பல் கிளம்பும் நேரம் வேறு, கப்பலில் ஏறுவதற்கான கடைசி நேரம் வேறு. பொதுவாகக் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். சில நிறுவனங்களில் இது இன்னும் சீக்கிரமாகவே நடக்கும். சரியான நேரம் உங்கள் போர்டிங் பாஸில் இருக்கும். அதற்குப் பிறகு வந்தால், கப்பல் கண் முன்னால் நின்றாலும் ஏற முடியாது. குடியேற்றச் சோதனை முடிந்து, பயணிகள் பட்டியல் போய்விட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பள்ளி அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் குரூஸ் போவது ஆண்டின் கடைசியில். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தில் வெள்ளம் புகுந்து விமான சேவை மறுநாள் காலை வரை நிறுத்தப்பட்டது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அந்த நாளில் கப்பல் ஏற வேண்டியவர் அதே நாள் விமானத்தை நம்பியிருந்தால்?

எத்தனை நாள் முன்னாடி போகலாம்?

- சாதாரண நாட்களில்: கப்பலுக்கு முந்தைய நாள் காலையில் சிங்கப்பூரில் இறங்குவது நல்லது. ஒரு பகல், ஓர் இரவு கிடைக்கும். விமானம் அரை நாள் தாமதமானாலும் சமாளிக்கலாம்.
- நவம்பர், டிசம்பரில்: முடிந்தால் இரண்டு இரவுகள். ஒரு நாள் விமான சேவை முழுதாக ரத்தானாலும் கப்பலைப் பிடிக்கலாம்.
- வேறு ஊர் வழியாக மாறிப் போகும் விமானம் என்றால்: டிக்கெட் விலை குறைவாக இருக்கும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போய்விடும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டிருந்தால், அடுத்த விமானத்துக்கு மாற்றித் தரும் பொறுப்பு யாருக்கும் இருக்காது. இப்படிப் போகிறவர்களும் இரண்டு இரவுகள் வைத்துக்கொள்வது நல்லது.

தேதியில் ஒரு குழப்பம் வரும், கவனம். 14-ம் தேதி இரவு கிளம்பும் விமானம் 15-ம் தேதி காலையில்தான் போய் இறங்கும். கப்பலும் 15-ம் தேதி என்றால் நீங்கள் முந்தைய நாள் போகவில்லை, அதே நாளில்தான் போகிறீர்கள். 13-ம் தேதி இரவே கிளம்ப வேண்டும்.

எந்த டெர்மினல்? முதலில் இதைப் பாருங்க

சிங்கப்பூரில் குரூஸ் கப்பல்கள் வந்து நிற்கும் இடங்கள் இரண்டு.

1. மரினா பே குரூஸ் சென்டர். 2012-ல் திறக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அருகில் உள்ள எம்ஆர்டி ரயில் நிலையம் மரினா சவுத் பியர். நிலையத்தில் இருந்து டெர்மினலுக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பெரிய பெட்டிகளோடு போகிறவர்களுக்கு டாக்ஸிதான் வசதி.

2. சிங்கப்பூர் குரூஸ் சென்டர், ஹார்பர்ஃபிரண்ட். விவோசிட்டி மாலுக்குப் பக்கத்தில், செந்தோசா தீவுக்கு எதிரில் இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம்.

இவை போக, தானா மேரா என்ற இடத்தில் படகுத்துறை ஒன்று உண்டு. அது இந்தோனேசியத் தீவுகளுக்குப் போகும் ஃபெர்ரிகளுக்கானது. டாக்ஸியில் ஏறி "குரூஸ் சென்டர் போங்க" என்று மட்டும் சொன்னால் வேறு இடத்தில் போய் இறங்க வாய்ப்பு உண்டு. டிக்கெட்டில் உள்ள டெர்மினலின் முழுப் பெயரைக் காட்டுங்கள்.

ரூம் எங்கே போடலாம்?

டெர்மினலுக்குப் பக்கத்தில்தான் தங்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சிங்கப்பூர் சின்ன ஊர். நகரின் மையத்தில் இருந்து இரண்டு டெர்மினல்களுக்கும் சீக்கிரமே போய்விடலாம்.

தமிழ்நாட்டில் இருந்து போகும் குடும்பங்களுக்கு லிட்டில் இந்தியா வசதியான இடம். தமிழிலேயே பேசி விலை கேட்கலாம். சைவச் சாப்பாடு தேடி அலைய வேண்டாம், வயதானவர்களுக்கு இட்லி, தோசை கிடைக்கும். போக்குவரத்தும் எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வழித்தடத்தில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் வரை நேராகப் போகலாம். மரினா பே குரூஸ் சென்டருக்கு என்றால் அடுத்த நிலையமான தோபி காட்டில் சிவப்பு வழித்தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும்.

ரூம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் ரூம் தருவார்கள். நீங்களோ காலை 6 மணிக்கே இறங்கிவிடுவீர்கள். பெட்டிகளை மட்டும் ரிசப்ஷனில் வைத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கைக்குழந்தை, வயதானவர்கள் கூட வந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்து ரூம் போடலாம், அல்லது சீக்கிரம் ரூம் தர எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரிக்கலாம்.

ஏர்போர்ட்டில் இருந்து எப்படிப் போவது?

சாங்கி விமான நிலையத்தில் இருந்து நகர் மையம் சுமார் 20 கிலோமீட்டர்.

- டாக்ஸி: சுமார் அரை மணி நேரம். நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை மீட்டர் கட்டணத்தோடு 50% கூடுதல் உண்டு. 5.40-க்கு வெளியே வந்துவிட்டால் கொஞ்சம் பொறுத்து 6 மணிக்கு மேல் ஏறினால் காசு மிச்சம்.
- ஆப் மூலம் கார்: குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டும். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான குழந்தைகளுக்கு இந்தக் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு இதில் விலக்கு உண்டு.
- எம்ஆர்டி: இதுதான் மலிவு. ஆனால் ரயில் மாறிப் போக வேண்டும், ஒரு மணி நேரம் வரை ஆகலாம். நள்ளிரவில் இருந்து அதிகாலை வரை ரயில் கிடையாது. தொட்டால் பணம் போகும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டை இருந்தால் டிக்கெட்டே எடுக்க வேண்டாம். வெளிநாட்டு அட்டை என்பதால் சிறு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள்.

விசாவில் இந்த ஒரு வரியைப் பாருங்க

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்கள் மூலம் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் தனி.

கையில் விசா வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, ஒரு முறை நுழைய மட்டுமா, பல முறை நுழையலாமா என்பதைத்தான். ஏன்? விமானத்தில் போய் இறங்குவது முதல் நுழைவு. கப்பல் ஏறி மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போகும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறிவிடுகிறீர்கள். கப்பல் சிங்கப்பூருக்கே திரும்பி வந்து இறங்கும்போது அது இரண்டாவது நுழைவு. ஒரு முறை மட்டும் நுழையும் விசா என்றால் சிக்கல்தான். கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் சோதிப்பார்கள்.

அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு. சிங்கப்பூர் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டிய படிவம் இது. போய் இறங்கும் நாளோடு சேர்த்து 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் அரசு தளம் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள். ஒரு படிவம் ஒரு நுழைவுக்கு மட்டும்தான். கப்பலில் திரும்பி வரும்போது மறுபடியும் நிரப்ப வேண்டும். நடுக்கடலில் இன்டர்நெட் கிடைப்பது செலவு பிடித்த விஷயம் என்பதால், இதை எப்போது செய்வது என்று கப்பல் ஏறும் முன்பே யோசித்து வையுங்கள்.

கப்பல் நிற்கும் மற்ற நாடுகளின் விதிகளையும் பார்க்க வேண்டும். மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் நுழையும் சலுகையை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறது. தாய்லாந்தின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இரண்டு நாடுகளுக்கும் ஆன்லைன் வருகைப் படிவம் உண்டு. உங்கள் கப்பலுக்கு எதெல்லாம் தேவை என்று குரூஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவது பாதுகாப்பு. "நாங்கள் கரையில் இறங்கவே போவதில்லை" என்றாலும் ஆவணம் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

கையில் ஒரு நாள்... என்ன பார்க்கலாம்?

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டு, மறுநாள் கால் வலியோடு கப்பல் ஏறுகிறவர்கள் உண்டு. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் மாதிரி முழு நாள் வேண்டிய இடங்களைக் குரூஸ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் விமானத்தில் வந்தவர்களுக்கு இப்படி ஒரு திட்டம் போதும்:

காலை: பெட்டிகளை ஹோட்டலில் போட்டுவிட்டு தேக்கா சென்டரில் டிபன். கீழே சந்தை, பக்கத்திலேயே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கும் கோமள விலாஸும் இருக்கிறது. அதே சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி சீனிவாசப் பெருமாள் கோயில். நம்ம ஊர் மாதிரியே நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். பிறகு கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம். 2015-ல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், நம்மவர்கள் அங்கே குடியேறிய கதையைப் பார்க்கலாம். திங்கள்கிழமை விடுமுறை.

மதியம்: சாப்பாடு, ரூம், தூக்கம். இந்தத் தூக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மாலை 5 மணி: ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி மெர்லயன் சிலை. சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் இந்தச் சிலையின் உயரம் 8.6 மீட்டர். அங்கிருந்து நீர்க்கரை ஓரமாகவே நடந்து மரினா பே சாண்ட்ஸ் பக்கம் போகலாம். சூரியன் மறைய 7 மணி ஆகும் என்பதால் அவசரம் இல்லை.

இரவு 7.45: கார்டன்ஸ் பை தி பே. அங்குள்ள பிரம்மாண்ட செயற்கை மரங்களில் தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளி-ஒலிக் காட்சி நடக்கும், இலவசம். வெளித் தோட்டங்களுக்கும் டிக்கெட் கிடையாது. கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. பார்த்து முடித்து பேஃபிரண்ட் நிலையத்தில் ஏறினால், நீல நிற வழித்தடத்தில் நேராக லிட்டில் இந்தியா.

ஷாப்பிங்? அதை குரூஸ் முடிந்து திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே வாங்கினால் அந்தப் பைகளையெல்லாம் கப்பலுக்கும் தூக்க வேண்டும். கடைசி நாளில் வாங்கினால், சுற்றுலாப் பயணிகளுக்கான ஜிஎஸ்டி திரும்பப் பெறும் வசதியை சாங்கி விமான நிலையத்திலேயே முடித்துவிடலாம். இந்த வசதி உள்ள கடைகளில் குறைந்தது 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்க வேண்டும்.

கப்பல் ஏறும் நாள்: பின்னாடி இருந்து கணக்கு போடுங்க

உதாரணத்துக்கு, கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது, செக்-இன் 3.30-க்கு மூடப்படும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கொடுத்த செக்-இன் நேரம் மதியம் 1 மணி.

- மதியம் 1.00: டெர்மினலில் இருக்க வேண்டும்
- 12.15: டாக்ஸி ஏற வேண்டும்
- 11.30: ரூமைக் காலி செய்து, பாஸ்போர்ட், விசா, போர்டிங் பாஸ் சரிபார்க்க வேண்டும்
- காலை 8 முதல் 11 வரை: உங்கள் நேரம். ஆனால் ஹோட்டலைச் சுற்றி மட்டும்

இப்படிப் போட்டால் ஏதாவது இடறினாலும் 3.30 வரை இரண்டரை மணி நேரம் கையில் இருக்கும். "3 மணிக்குப் போனா போதும், கூட்டம் குறைஞ்சிருக்கும்" என்று கிளம்பினால், ஒரு மழை, ஒரு டிராஃபிக், மறந்து வைத்த ஒரு பாஸ்போர்ட் போதும், எல்லாம் போச்சு.

கைப்பையில் இது இருக்கட்டும்

டெர்மினலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையோ இரவோ ஆகலாம். அதுவரை தேவைப்படுபவை கையில் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட், விசா பிரதி, போர்டிங் பாஸ், அன்றைய மாத்திரைகள், குழந்தையின் பால் பவுடர், டயப்பர், ஒரு செட் மாற்றுத் துணி, போன் சார்ஜர்.

சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பயணம் முடியும்போதுதான் தருவார்கள். அதனால் போட்டோ எடுத்து போனிலும், ஒரு பிரதி எடுத்து பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கப்பல்களில் அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் கெட்டில் கொண்டு போக முடியாது. தீ விபத்து பயம்தான் காரணம்.

சிங்கப்பூரில் இதெல்லாம் கூடாது

- சூயிங் கம்: 1992 முதல் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை.
- இ-சிகரெட்: வைத்திருந்தாலே குற்றம்.
- சிகரெட்: ஒரு பாக்கெட் என்றாலும் வரி கட்ட வேண்டும். சுங்கத்தில் சொல்லிவிடுவது நல்லது.
- எம்ஆர்டி ரயிலில் சாப்பிடுவது, குடிப்பது: தண்ணீர் குடித்தாலும் அபராதம் விழலாம்.
- மாத்திரைகள்: சில தூக்க மாத்திரைகளுக்கும், கோடீன் கலந்த வலி மற்றும் இருமல் மருந்துகளுக்கும் முன் அனுமதி வேண்டும். பெற்றோருக்கு இப்படி மருந்து இருந்தால் டாக்டர் சீட்டோடு முன்கூட்டியே விசாரியுங்கள்.

கப்பலை விட்டுட்டா என்ன ஆகும்?

நீங்களாகவே விமான டிக்கெட் போட்டு, தாமதமாக வந்து கப்பலைத் தவறவிட்டால், பொதுவாகக் குரூஸ் பணம் திரும்ப வராது. அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாமா என்று பலரும் கேட்பார்கள். அதற்குக் குரூஸ் நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும், புதிதாக விமான டிக்கெட்டும் எடுக்க வேண்டும். மூன்று நாள் குரூஸில் இதற்குள் பாதிப் பயணம் முடிந்திருக்கும்.

குரூஸ் நிறுவனம் மூலமாகவே விமான டிக்கெட்டும் சேர்த்து எடுத்திருந்தால், தாமதம் ஏற்படும்போது மாற்று ஏற்பாட்டுக்கு அவர்களிடம் உதவி கேட்க வழி இருக்கும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் பணம் கிடைக்குமா, அதற்கு எத்தனை மணி நேரம் முன்பே வந்து சேரும்படி திட்டமிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். தாமதம் உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, விமான நிலையத்தில் இருந்தே குரூஸ் நிறுவனத்துக்குப் போன் போடுவது. அந்த அவசர எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தடவை சரிபாருங்க

1. கப்பலுக்கு முந்தைய நாளே சிங்கப்பூரில் இறங்குகிறோமா?
2. விசா பல முறை நுழையக் கூடியதா?
3. எந்த டெர்மினல், செக்-இன் எத்தனை மணிக்கு மூடும்?
4. அரைவல் கார்டு போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று.
5. ஹோட்டலில் பெட்டி வைக்க இடம் உண்டா?
6. மருந்து, ஆவணம் எல்லாம் கைப்பையில் இருக்கிறதா?

ஆறுக்கும் "ஆமாம், தெரியும்" என்று பதில் வந்தால், தைரியமாகக் கிளம்பலாம். ஒரு நாள் ஹோட்டல் வாடகை கூடுதல் செலவாகத் தெரியலாம். ஆனால் அதற்குப் பதிலாக ஒரு நல்ல தூக்கமும், ஒரு ஊரின் அழகும், கப்பல் நிச்சயம் கிடைக்கும் என்ற நிம்மதியும் உங்களுக்குக் கிடைக்கும்.